தென்னம்பிள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

மோகனா எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

சின்ன விஷயம்தான், பயப்படாதீர்கள். உருண்டை பூமியைத் தட்டை வரைபடமாக்கும்போது அளவு இழுபடும். அதனால் பூமியைப் பட்டை பட்டையாகப் பிரித்திருக்கிறார்கள். பொள்ளாச்சி ஒரு பட்டை, சென்னை அடுத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சர்வே கருவியில் பட்டையை மாற்றாமலே, சென்னைப் பக்கம் திருவேற்காட்டில் பூங்காவனம் என்ற அம்மாவின் மனையை அளந்துவிட்டேன். கருவி இன்னும் பொள்ளாச்சியிலேயே இருப்பதாக நினைத்திருக்கிறது, நானும்தான். முந்நூறு அடியில் ஓர் அடி குறைந்துபோனது. அந்த ஓர் அடியில்தான் அவருடைய தென்னை நின்றது. நான் நட்ட கல்லைக் காட்டி, பக்கத்து மனைக்காரர் அதை வெட்டிச் சாய்த்துவிட்டார்.

தப்பு தெரிந்ததும் போய்ச் சொன்னேன், கல்லை மாற்றி நட்டேன். அந்த அம்மா திட்டியிருக்கலாம். "மரம் போனா போவுது கண்ணு. இன்னா இப்டி வேர்த்துகினு கீறே? குடி" என்று இளநீர் சீவித் தந்தார். அந்த மரத்து இளநீர். தலை நிமிராமல் குடித்தேன்.

நம் தோப்பிலிருந்து ஒரு தென்னம்பிள்ளை சென்னை பஸ்ஸில் போட்டுவிடுங்கள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம். ஆபீஸ் வேன் வந்துவிட்டது. சீக்கிரம் காய்க்கிற ரகமாகப் பாருங்கள் அப்பா, அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.

மோகனா