அரை அங்குல உயரம்

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வீடும் மலைக்காற்றில் பறந்து போகாமல் இருக்கிறோம், அந்த அளவுக்கு நலம். ஆக்லாந்தில் உனக்கு இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும், உன் இருமல் நின்றதா, ஆஸ்பத்திரியில் இன்னும் இரட்டை ஷிஃப்ட் போட்டு வாட்டுகிறார்களா என்று அறிய ஆவல். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். இந்த நான்கு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். விறகுக் கொட்டகையில்தான் இருக்கிறார், கோடரிச் சத்தம் கேட்கிறது. சத்தம் நின்றால் மறுபடி எழுந்து போவேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆகஸ்டில் சர்ச் கூடத்தில் மேசை தூக்கும்போது அவர் வலிப்பு வந்து விழுந்ததும், ஆறு மாதம் கார் ஓட்டக்கூடாது என்று கிரேட் ஃபால்ஸ் டவுன் டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. மளிகைக்கு, முடிவெட்ட, தபாலுக்கு என்று எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். போன மாதம் நான் பல் டாக்டரிடம் போகிற அன்று, ஆயில் மாற்ற வேண்டும், தன்னையும் காரையும் மெக்கானிக் மார்வ் கடையில் விட்டுவிட்டுப் போ என்றார். நானும் நம்பி விட்டுவிட்டுப் போனேன். பாதி வாய் மரத்துத் திரும்பி வந்தால் நம் பச்சைக் கார் புது பூட்ஸ் போட்ட கழுதை மாதிரி நிற்கிறது, நான்கும் தடித்த புது டயர். "பழசைவிட ஒரே ஒரு சைஸ்தான் பெரிசு, வண்டி அரை அங்குலம் ஒசரும், அவ்வளவுதான்" என்றார். "அந்த அரை அங்குலத்துல ஏறி நீ சொர்க்கத்துக்கா போகப்போறே?" என்று கேட்டேன், மரத்த வாயோடு கேட்டதால் மார்வுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பனி வரட்டும், அப்ப நீயே எனக்கு கேக் சுட்டுத் தருவே பாரு" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

முதல் நாளே கார் கொட்டகையிலிருந்து ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் எடுத்தேன், முன் சக்கரத்திலிருந்து கர்ர் என்று ஒரு உறுமல். பூனையை ஏற்றிவிட்டேன் என்று அலறியே விட்டேன். பூனை இல்லை, சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தடுப்பில் டயர் உரசுகிறது. அப்பா என் ஹேர் ட்ரையரை எடுத்துப்போய், பிளாஸ்டிக்கைச் சூடாக்கி உள்ளே அமுக்குகிறேன் என்று மத்தியானம் முழுக்கக் காருக்கு அடியில் கிடந்தார். பிளாஸ்டிக் அசையவில்லை, ஹேர் ட்ரையர்தான் புகைந்து செத்தது. பழைய டயரை மாட்டச் சொல் என்று நான் கத்த, மாட்டேன் என்று அவர் கத்த, இப்படியே ஒரு வாரம். ஆனால் சிக்ரிட், எனக்கு உரசல் பெரிதில்லை. மளிகைக்கடைக்குப் போக அரை அங்குல உயரம் எதற்கு? வேட்டை முகாமுக்குப் போகிற பள்ளத்தாக்குச் சாலையில்தான் நடுவில் கல் நீட்டிக்கொண்டிருக்கும், வண்டியின் வயிற்றில் தட்டும். ஓட்டக்கூடாத மனிதர் அந்தச் சாலைக்கு வண்டியைத் தயார் செய்கிறார் என்று புரிந்த நாளிலிருந்து சாவியை நான் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை அடுத்த பண்ணை ஃபே தன் பிக்கப் வண்டியில் வந்து ஜாம் காய்ச்ச என்னைக் கூட்டிப் போனாள். வெயில் இருந்தது, நான் கோட்டை மாட்டவில்லை. சாயங்காலத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டோம், வந்து பார்த்தால் கார் கொட்டகை காலி, முகாமுக்கு எடுத்துப் போகிற மரம் அறுக்கும் ரம்பமும் இல்லை. ஃபே பிக்கப்பைப் பள்ளத்தாக்குச் சாலைப் பக்கம் திருப்பினாள். வழியெல்லாம் நான் ஒவ்வொரு வளைவிலும் கீழே ஆற்றைத்தான் பார்த்தேன், பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று. "அழாதே தெல்மா, நீ அழுதா எனக்கும் வந்துரும், அப்புறம் ரோட்டை யாரு பாக்கிறது?" என்று ஃபே அதட்டினாள்.

மேலே கொண்டை ஊசி வளைவில் கார் ஓரமாக நின்றது, கதவு திறந்து, என்ஜின் ஓடிக்கொண்டு. அப்பா முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்தார். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம், கால்சட்டை நனைந்திருந்தது. மூச்சு இருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்தேன், நீ சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து என்னையே பார்த்து, "நீங்க யாரும்மா, ஏன் அழுறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார் பார், அந்த மரியாதையை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஃபே உடனே கார் என்ஜினை நிறுத்தி சாவியைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்த பிறகு சொன்னார். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தபோது சக்கரம் குழியில் இறங்கி அந்த உரசல் சத்தம் பெரிதாக வந்ததாம். "டயரு கிழிஞ்சு போனா தெல்மா என்னைக் கொன்னே போட்டுடுவா" என்று பயந்து நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தாராம். அதோடு சரி, அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை. அந்த வளைவைத் தாண்டினால் சாலையோரம் தடுப்புக்கூட இல்லை, நீயே பார்த்திருக்கிறாய். சத்தம் வரவில்லை என்றால் என்று நான் யோசிக்க ஆரம்பித்தால் அடுப்பில் என்ன இருக்கிறது என்பதுகூட மறந்துபோகிறது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார், பேரைத் தனிச்சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அது தலை சுற்ற வைக்குமா என்று நீ விசாரித்துச் சொல். மார்வ் பிளாஸ்டிக்கில் ஒரு விரல் அகலம் வெட்டி எடுத்துவிட்டார், இப்போது உரசுவதில்லை, டயரைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன்னிடம் சொல்ல வந்த கவலை இது இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று அப்பா பழக்கத்தில் டிரைவர் பக்கம் போனார், கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார், பிறகு சுற்றி வந்து மறுபக்கம் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். பிரேக்கை மிதிக்கவில்லை. வழி சொல்லவில்லை. வீட்டிலும் அப்படியே, வைத்ததைச் சாப்பிடுகிறார், கேட்டால் ஆமாம் என்கிறார். அவர் வம்பு பண்ணியபோது பயந்தேன், அடங்கிப்போனதும் அதைவிடப் பயமாக இருக்கிறது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இல்லை.

நேற்று ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். நெடுஞ்சாலையில் நான் என் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தொண்டையைக் கனைத்து, "முள்ளு அறுபத்தஞ்சு காட்டுதுன்னு நம்பாதே, டயரு பெரிசு, நெசமா அறுபத்தேழுல போறே, ஃபைன் கட்டப் போறியா?" என்றார். "வாயை மூடிட்டு வா ஆர்விட்" என்றேன், முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்கிற அதே குரலில். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கால் மெல்ல இல்லாத பிரேக்கைத் தேடிப் போனதை நான் பார்த்தேன். சந்தோஷத்தில் கொஞ்சம் வேகமாகவே மிதித்தேன், நீ டாக்டரிடம் சொல்லிவிடாதே.

கோடரிச் சத்தம் நின்றுவிட்டது, நான் போய்ப் பார்க்க வேண்டும். டிக்கெட் எடுத்து ஓடி வந்துவிடாதே, வேலையைப் பார், நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கடவுள் உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று இரக்கமாகக் கேட்காதே. எதையாவது இழுத்து வைத்து நன்றாகச் சண்டை போடு.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா தெல்மா