எட்டாவது கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அதைச் சாக்காக வைத்துப் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை மாற்றக்கூடாது. தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் மெஷின் மேல் குவிந்து கிடக்கின்றன, கிடக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மொட்டைமாடித் தொட்டியில் விரிசல் விட்டதும், கம்பி வெளியே தெரிவதும் உனக்குத் தெரியும். மேஸ்திரி வந்து பார்த்து, இனிமேல் இதில் தண்ணீர் ஏற்றாதீர்கள், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று சொல்லிப் போய் எட்டு மாதம் ஆகிறது. யார் இடிப்பது? வீட்டைப் பிரித்தபோது பத்திரத்தில் ஒவ்வொரு அறைக்கும் அங்குலக் கணக்கு எழுதினார்கள், என் தையல் கடை ஜன்னலில் கூட வலது கதவு நமக்கு, இடது கதவு பெரியப்பாவுக்கு. ஆனால் கிணறு, தொட்டி, மாடிப்படி மூன்றுக்கும் எதிரே பொது என்று ஒரே வார்த்தை. அதை எழுதச் சொன்னது உன் அப்பாதான், பொது என்று போட்டால் சண்டை வராது என்று அவருக்கு ஒரு பெருமை. எல்லாருக்கும் சொந்தம் என்று நினைத்து அவர் எழுதினார், யாருக்கும் பொறுப்பில்லை என்று இவர்கள் படித்துக்கொண்டார்கள். படியில் பல்பு எரியவில்லையா, அது பொது. பாசி வழுக்குகிறதா, அதுவும் பொது. ஆனால் அதே தொட்டியை இடிக்க அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனால், பங்குதாரர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்கிறார்கள். அன்றைக்கு நாலு பங்கு, பெரியப்பாவும் உன் அப்பாவும் போனபிறகு இன்றைக்கு எட்டுப் பேர்: பெரியம்மாவும் மூன்று பிள்ளைகளும், அத்தை, சித்தப்பா, நான், நீ.

தொட்டி இல்லை என்றதும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் தொட்டி, ஆளுக்கொரு மோட்டார். ஒரே கிணற்றுக்குள் நாலு குழாய் தொங்குகிறது. சித்தப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, இஞ்ச் டேப் இல்லாமல் படுக்கமாட்டார், ஒரு நாள் அளந்து பார்த்துத் தன் குழாயை மட்டும் ரெண்டடி கீழே இறக்கினார். மறுநாளே பெரியம்மா பிள்ளைகள் மூன்றடி இறக்கினார்கள். அத்தை வாயால் எல்லாரையும் வறுத்தெடுத்துவிட்டு, சாயங்காலம் பிளம்பரைக் கூட்டிவந்து நாலடி இறக்கினாள். இப்போது விடிந்ததும் நாலு மோட்டாரும் ஒன்றாக அலறும், ஏழு மணிக்கெல்லாம் சேறு வந்துவிடும். இத்தனைக்கும் முன்பு இதே கிணறு எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. அடுத்த பங்குக்காரர் எடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் வேண்டாததையும் சேர்த்து எடுக்கிறோம். நான் மட்டும் யோக்கியமா, குளியலறையில் நிற்க இடமில்லாமல் ஐந்து டிரம் வைத்திருக்கிறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியில் அத்தைதான் படியேறி இறங்கி, கெஞ்சியும் சண்டை போட்டும் ஒவ்வொருவரிடமாகக் கையெழுத்து வாங்கினாள். பெரியம்மாவின் நடுப்பிள்ளை, தொட்டி என் தலைக்கு மேலயா இருக்கு, நான் எதுக்குப் போடணும் என்று இரண்டு மாதம் இழுத்தான். அவனை நான் பேசாத பேச்சில்லை. அவனும் போன மாதம் போட்டுவிட்டான். ஏழு ஆயிற்று. எட்டாவது உன்னுடையது. அதற்கு நீ நேரில் வர வேண்டும், அதுதான் சட்டம் என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன், நீயும் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாய்.

அது பொய். அலுவலகத்தில் குமாஸ்தா ஏழு கையெழுத்தும் விழுந்த படிவத்தைத் திருப்பி என் கையில் கொடுத்து, வெளிநாட்டில் இருந்தால் அங்கேயே தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரையோடு தபாலில் அனுப்பினால் போதும் என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் அதை மடித்து மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ வந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மாவைப் பார்க்க என்றால் லீவு கிடைக்காது, சொத்து விஷயம் என்றால் கொடுப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

செவ்வாய்க்கிழமை காலையில் சித்தப்பாவின் மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டியின் மூலை பெயர்ந்து விழுந்தது, தையல் மெஷின் அளவு இருக்கும். சத்தம் கேட்டு இந்த முழங்காலோடு எப்படி மாடியேறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் அழக்கூட இல்லை, கையில் பிடித்த துணியை விடாமல் நின்றாள். குழந்தை தூசியைப் பார்த்துச் சிரித்தது. சித்தப்பா டேப்பை எடுத்து, விழுந்த இடத்திலிருந்து அவள் காலடி வரை அளந்தார். பிறகு கடைக்கு இறங்கி வந்தார். ரெண்டடி மூணு அங்குலம் அண்ணி என்றார். பிறகு உன்னைத்தான், பாப்பா கையெழுத்துப் போட எப்போ வர்றாளாம் என்று கேட்டார். அவ்வளவுதான், திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த டிராயர் என் மடிக்கு நேரே இருந்தது, என்னால் அதைத் திறக்க முடியவில்லை. பொதுச் சொத்து என்றால் ஒருத்தருக்கும் அக்கறையில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

படிவம் இதனுடன் இருக்கிறது. மூன்று பக்கத்திலும் போட வேண்டும், நீ ஆபீஸில் கிறுக்குகிற மாதிரி இல்லாமல் பத்திரத்தில் உள்ளபடி பெயரை முழுசாக எழுது, முத்திரை மங்கலாக விழுந்தால் இன்னொன்று குத்தச் சொல். வாங்கிய அன்றே அனுப்பு. லீவு இருக்கும்போது வா, இல்லாவிட்டால் பரவாயில்லை, இனி அதற்குக் காரணம் தேடமாட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் உன் கட்டத்துக்கு மேல் கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது, அதற்குக் கீழே நீ போடு, இப்போதைக்கு அது போதும் எனக்கு.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்ததும் மாடியேறிப் போய் சித்தப்பாவிடமும் அவர் மருமகளிடமும் படிவத்தை ஒளித்து வைத்ததை நானே சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா