கூடாரப் பையில் கத்தி இல்லை

ஏங்க,

காட்டுல கூடாரம் போட நீங்க கட்டி வச்ச பையில அந்த ஒரு முழக் கத்தியத் தேடாதீங்க. நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன். விறகு வெட்டத்தான்னு தலைகீழா நின்னாலும் எடுபடாது, காட்டு செக்போஸ்ட் கேட்டுல பிடிச்சா கேஸ்தான். பழம் நறுக்குற சின்னக் கத்திய டவல்ல சுத்தி வச்சிருக்கேன், அது போதும்.

சோறு அடுப்பு மேல இருக்கு. சாவிய எதிர்வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

சொல்ல மறந்துட்டேன்: இன்னிக்கு அந்த கேட்டுல பையச் சோதிக்கிற டியூட்டி எனக்குத்தான். புருஷன்னெல்லாம் பாக்க மாட்டேன்.

இன்னொண்ணு: கத்தி வேணாம்னு சொன்னதுக்கு மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு என்கூடப் பேசல இல்ல? அங்க நான் பேரு என்ன, எங்க போறீங்கன்னு கேப்பேன். வாயத் திறந்து பதில் சொல்லித்தான் ஆகணும்!