வால் வெட்டிய புத்தகங்கள்

1969 மார்ச் 4
புத்தகக் கடை லாபிர் மூன்று சிறு அறிமுக நூல்கள் தந்தார்: ஐயம், ஒளி, காலம். எல்லாம் சட்டைப்பையில் அடங்கும். நான் செய்தி எழுதும் பத்திரிகையின் ஞாயிறு இதழுக்கு என் அபிப்பிராயம் வேண்டுமாம். மனைவி றீற்றாவுக்கு இரு கண்ணிலும் புரை, எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. “நீங்கள் வாசியுங்கோ, நான் தீர்ப்புச் சொல்லுறன்,” என்றாள்.

மார்ச் 9
துறைமுகம் பார்த்த யன்னலோரம் ஐயத்தைப் பற்றிய நூலை வாசித்தேன். நான் உட்கார்ந்திருக்கும் கதிரை உண்மையில் இருக்கிறதா என்று ஆசிரியர் பக்கம் பக்கமாகக் கேட்கிறார்.
“இல்லையெண்டால் எழும்புங்கோ, நான் இருக்கிறன்,” என்றாள் றீற்றா.
நல்ல நூல். உதாரணங்கள்தான் குளிர்தேசத்தவை. பனி பெய்யும் இடம் வந்ததும் இருவரும் கடலைப் பார்த்தோம். அவள் பார்த்தது எதை?

மார்ச் 10
நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்கு ஒவ்வொன்றும் அவளுக்குப் பூசணிப்பூ அளவில் தெரிகிறதாம்.

மார்ச் 16
ஒளி நூலை வாசித்து முடித்தேன். “விளங்குது. ஆனா இந்த ஆள் கதவைத் திறந்துபோட்டு, வாங்கோ எண்டு சொல்லாமலே போறான்,” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ‘தெளிவு உண்டு, ஈரம் இல்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 2
வலது கண்ணில் சத்திரசிகிச்சை. இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். தலை அசையக் கூடாது, சிரிக்கவும் கூடாது.
“பார்வை வரும் எண்டு நினைக்கிறன். உறுதி சொல்ல ஏலாது,” என்றார் டாக்குத்தர்.
ஐயத்தை அழகாக விளக்கிய அந்த நூல் இன்று எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

ஏப்ரல் 11
கட்டை அவிழ்த்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. கண்ணாடி வரும்வரை பொறுக்க வேண்டுமாம். கண்ணாடி போட்டும் தெரியாட்டி? அவளிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

மே 25
தடித்த கண்ணாடி வந்தது. முதலில் என்னைப் பார்த்தாள். “கிழண்டிப்போனீங்கள்,” என்றாள். பிறகு ஒளி நூலைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சற்றுப் பொறுத்துச் சத்தம் வந்தது.
“இஞ்சேருங்கோ! இதுகளை நீங்கள் வாசிக்கேல்லையே!”
அவள் காட்டியது ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பந்தியை. நாங்கள் செய்தியில் முக்கியமானதை மேலே வைப்போம். இடம் போதாவிட்டால் ஆசிரியபீடம் வாலை வெட்டும். தொண்டை களைத்த இடங்களில் நானும் வெட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.
“பேப்பர்காரப் புத்தி! அந்த மனிசன் நல்லதையெல்லாம் கடைசியிலதான் வைச்சிருக்கிறான். திருத்தம் போடுங்கோ.”

மே 26
திருத்தம் அனுப்பினேன். ‘ஈரம் உண்டு’ என்பதை முதல் வரியிலேயே வைத்தேன்.
பின்னேரம் அவள் வாசித்தாள், நான் கண்மூடிக் கேட்டேன். நட்சத்திரத்தை விட்டுப் புறப்பட்ட ஒளி, தான் போய்ச்சேரும் கண் இன்னும் பிறக்கவில்லை என்று அறியாமலே வருகிறது என்பது கடைசிப் பந்தி. முழுதாக வாசித்தாள். புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு யன்னலால் பார்த்தாள். துறைமுகத்தில் விளக்கேற்றியிருந்தார்கள்.
“பூசணிப்பூ இல்லை,” என்றாள். “கடுகு.”