தேரோட்டத்தன்று வேலம்மாள் வாசித்தது

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த பாக்கியம் அக்காவுக்கு,

உன் தம்பி முத்தையா எழுதுகிறேன். நீ இதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் படிக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. கண் தெரியாத பிள்ளைகளுக்கு நீ வைத்த பள்ளிக்கூடம் நடக்கிறது. கடைக்கார ராவுத்தர் தன் பஞ்சுக் கிட்டங்கியில் பாதியை நமக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார். அவர் மகன் காதருக்கும் கண் தெரியாது என்பதால் மட்டுமல்ல. உன்னை அன்று காப்பாற்ற முடியவில்லையே என்ற ஆற்றாமையும் அவருக்கு இருக்கிறது. இப்போது பாடம் சொல்லிக் கொடுப்பவள் வேலம்மாள். “ஏட்டி, விரலை அழுத்தாத, பூவைத் தொடுத மாதிரி தொடு” என்று அவள் சின்னப் பிள்ளைகளை அதட்டும்போது நான் வாசலில் நின்று கேட்கிறேன். அப்படியே உன் அதட்டல்தான்.

நீ விதவையாகி வீட்டுக்கு வந்தபோது எனக்கு மீசை அரும்பவில்லை. அடுப்படியில் முடங்கிவிடுவாய் என்று ஊரே நினைத்தது. நீயோ பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் வேலைக்குச் சேர்ந்தாய். அந்த அம்மாள் கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். தடித்த காகிதத்தில் ஊசியால் குத்தினால் மறுபக்கம் புள்ளிகள் எழும்பும். அந்தப் புள்ளிகளே எழுத்து. அதை நீ அவள் கூடவே இருந்து கற்றுக்கொண்டாய். திரும்பி வந்து, நம் வீட்டு முன்னறையில் பள்ளிக்கூடம் வைத்தாய். சம்பளம் கேட்கவில்லை. மதம் பேசவில்லை. பிள்ளையை அனுப்பு என்று மட்டும் தெருத்தெருவாகக் கேட்டாய்.

வேலம்மாளை நீ எங்கே கண்டெடுத்தாய் என்பதை இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பண்ணையார் பந்தல் போடுவார். சுற்றுவட்டாரத்தில் கண் தெரியாத பிள்ளைகள் எங்கே இருந்தாலும் பெற்றவர்களுக்கு அரிசி மூட்டையைக் காட்டிக் கூட்டி வந்து, அந்தப் பந்தலில் வரிசையாக உட்கார வைப்பார். சனங்கள் காசு போடுவார்கள். பிள்ளைகளுக்குச் சோறு, அவருக்கு மற்றதெல்லாம். அதோடு தருமவான் என்ற பேரும். அம்மை போட்டுக் கண்ணிழந்த வேலம்மாள் அந்த வரிசையில் நாலு வயதிலிருந்து உட்கார்ந்தவள்.

நீ அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாய். மறு வருஷம் இன்னும் சில பிள்ளைகள் உன் பக்கம் வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் பந்தலில் பாதி இடம் காலி. “உங்க சோத்துக்கு இனி ஆளு வராது ஐயா. இந்தப் பிள்ளைகளுக்குக் கை இருக்கு” என்று நீ அவர் முகத்துக்கு நேரே சொன்னாயாமே. எம்புட்டு துணிச்சல் அக்கா உனக்கு! நான் அப்போது பர்மாவில் பட்டாளத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை எனக்கு எழுதியிருக்கக் கூடாதா?

முதலில் புரளிதான் வந்தது. ஊசியால் குத்துவது சூனியம் என்றார்கள். பிள்ளைகளை மதம் மாற்றப் போகிறாள் என்றார்கள். நீ அசையவில்லை. பிறகு ஒரு பகல் பொழுதில், பாடம் நடக்கும்போதே, அந்தப் பண்ணையார் ஆட்களோடு வந்தார். புள்ளித் தாள்களையெல்லாம் முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். நீ தடுத்தாய். நம் வீட்டு உலக்கையை எடுத்தே உன் வலது கையை அடித்து ஒடித்தார்கள். பிள்ளைகள் அலறினார்கள். ராவுத்தர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒடிந்த கை சீழ் வைத்தது. காய்ச்சலில் கிடந்தும் நீ வாயால் சொல்லச் சொல்ல வேலம்மாள் ஊசியால் குத்தினாளாம். எரிந்துபோன பாடங்களை அப்படியே திரும்ப உண்டாக்கினாயாம். கடைசிப் பாடம் முடியும் முன்பே நீ போய்விட்டாய்.

நான் வந்து சேர்ந்தபோது உன் சாம்பலைக்கூடப் பார்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், குரலை வைத்துப் பிள்ளைகள் அடையாளம் சொன்ன பண்ணையாரின் பேரைச் சொன்னேன். அங்கே இருந்தவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “பாத்த சாட்சி யாரு? குருட்டுப் பிள்ளைகளா? போய் வேலையைப் பாரும்” என்றார். அடித்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்ததால் தெருவில் பார்த்தவர்களும் வாய் திறக்கவில்லை. திறக்கப் பயம்.

அரிவாளைத் தீட்டினேன் அக்கா. மறைக்க என்ன இருக்கிறது? பட்டாளத்தில் யாரென்றே தெரியாதவனைச் சுட்டிருக்கிறேன். உன்னைக் கொன்றவரை விட்டுவைப்பேனா? அரிவாளின் சத்தத்தைக் கேட்டு வேலம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, வெட்டப் போறீகளா?”

“ஆமா.”

“வெட்டினா அவுக ஒரு நொடியில போயிருவாக. ஊரே தூக்கி வச்சு அழும். தருமவானைக் கொன்னுட்டான் பாவின்னு உங்களைத் தூக்குல போடுவாக. அத்தை பேரு எங்க மாமா வரும்?”

நான் தீட்டுவதை நிறுத்தினேன்.

“என்னைத் தேர் அன்னிக்கு அந்தப் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போங்க. பொறவு பாருங்க.”

அந்தப் பண்ணையார் வீட்டு வாசலில் நான் கைகட்டி நின்றதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. “அக்காவோட அந்தக் கூத்து முடிஞ்சுபோச்சு ஐயா. பிள்ளைகளை வச்சு நான் என்ன செய்ய? நீங்களே பாத்துக்கிடணும்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “புத்தி வந்துச்சே, அது போதும். கூட்டிட்டு வா. மதுரையிலருந்து பெரிய மனுசங்க வாராக, எம் மகளுக்குச் சம்பந்தம் பேச. அவக முன்னால பிள்ளைகளைப் பாடச் சொல்லுவோம்” என்றார். நான் குனிந்து கும்பிட்டேன். சிரிப்பை மறைக்கத்தான் அவ்வளவு குனிந்தேன்.

தேரோட்டத்தன்று ஆடிக் காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. தேர் பக்கத்து வீதியில் நின்றிருந்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்வரிசையில். பிள்ளைகள் பாடி முடித்ததும் வேலம்மாள் எழுந்தாள். மடியிலிருந்து தாளை எடுத்து விரலை ஓட்டி, “நான் வாசிக்கேன்” என்றாள்.

“இந்தப் பிள்ளை விரலால படிக்குதே!” என்று ஒரு கிழவி கத்தினாள். சனம் திபுதிபுவென்று கூடிவிட்டது. அவள் நிதானமாக வாசித்தாள். தனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த பாக்கியத்தம்மாள் யார், என்ன கற்றுக் கொடுத்தாள், ஒரு பகலில் யாரோ வந்து தாள்களை எரித்தது, உலக்கை எலும்பில் விழுந்த சத்தம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும்.

“வந்தது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்” என்று வாசித்தாள். “எனக்குக் கண்ணு இல்லைன்னு போலீசுல சொல்லிட்டாக. வந்தவுக இங்கதான் இருக்காக. அவுகளே சொல்லட்டும்.”

அதற்குமேல் ஒன்றும் இல்லை. தாளை மடித்துவிட்டு நின்றாள். அந்த அமைதியைத்தான் பண்ணையாரால் தாங்க முடியவில்லை. துள்ளி எழுந்து, “நான் தொடவே இல்ல! கையை ஒடிச்சது மாடசாமி! அவனைக் கேளு!” என்று அலறினார்.

மாடசாமி அவருடைய காவல்காரன். பந்தல்காலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். “எசமான்! நீங்க சொல்லித்தான செஞ்சேன்? எழுதுத கையைப் பாத்து அடின்னு சொன்னது நீங்கதான?” என்று அவன் அழுதபடி கேட்டதை ஆயிரம் காது கேட்டது.

மதுரைக்காரர்கள் தாம்பூலத்தை எடுக்காமல் எழுந்து போனார்கள். கூட்டத்தில் ஒருத்தி பந்தல் ஓலையை இழுத்தாள். அப்புறம் ஆளாளுக்கு இழுத்தார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

மாடசாமி ஜெயிலுக்குப் போனான். பண்ணையாரை வக்கீல்கள் மீட்டுவிட்டார்கள். ஆனால் மீட்டு எங்கே வைப்பது? அவர் வீட்டு விசேஷத்தில் கை நனைக்க ஆள் இல்லை. கடைத்தெருவில் நடந்தால், சின்னப் பிள்ளைகள்கூட உலக்கை என்று முணுமுணுக்கிறார்கள். மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று நீ கேட்பாய். கேட்காமல் இருக்க மாட்டாய். அவள் பாவம் ஒன்றும் செய்யவில்லைதான் அக்கா. ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டுமா?

போன மாதம் அவரே கிட்டங்கிக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உன் பேரில் கட்டடம் கட்டித் தருகிறேன், அந்தத் தாளை இனி எந்தத் தேருக்கும் வாசிக்க வேண்டாம்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு, என்னை மன்னிச்சிரு என்றார்.

“மன்னிக்க வேண்டியவ செத்துட்டா. அவகிட்டயே போய்க் கேளுங்க” என்றேன்.

வேலம்மாள் உள்ளேயிருந்து, “யாரு மாமா?” என்றாள். “யாருமில்லத்தா, நீ பாடத்தைப் பாரு” என்றேன். அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

அவர் சாக வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டவில்லை அக்கா. நெடுநாள் இருக்கட்டும். பல்லும் நடையும் போனாலும் காது மட்டும் நன்றாகக் கேட்கட்டும். ஆடிப்பூரம்தோறும் தேர் அவர் வாசலைத் தாண்டும்போது உன் பிள்ளைகள் அங்கே நின்று வாசிப்பார்கள். கதவைச் சாத்தினாலும் கேட்கும்படி வாசிப்பார்கள். எனக்குக் கால் இருக்கிறவரை அவர்களைக் கைபிடித்து அழைத்துப் போவேன். இது உன்மேல் ஆணை.

ஆறாத மனதோடு,
உன் கூடப்பிறந்தவன்,
தம்பி முத்தையா