ஏழு சென்டும் எம்.ஏ.வும்

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், அவளுடைய முட்டுவலியைக் கழித்துவிட்டால், சுகம்தான். டெல்லிச் சூட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க சுசீந்திரத்துத் தாணுமாலயன் துணை. கன்னிப்பூ பயிர் கதிர் வாங்கி நிற்கிறது, சாரல் விட்டபாடில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் நான் கத்திவிடுவேன் மக்ளே, போன தடவை கத்தியதற்கே அம்மா இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தவிர, இந்தக் கவரில் ஒரு ஃபாரம் வைத்திருக்கிறேன், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கிழக்குத் தோப்புப் பத்து சென்டை விற்று உன் எம்.ஏ.வுக்கும் ஹாஸ்டலுக்கும் கட்டலாம் என்றுதானே இருந்தேன். வாங்க வந்தவர் பழைய மலையாளப் பத்திரத்தைத் தமிழில் எழுதிக் கேட்டார். நாகர்கோவிலில் அதை வாசிக்கிற ஆள் மூவாயிரம் சொன்னான். வீட்டிலேயே ஹிஸ்டரி படித்து, மலையாளமும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருக்க வெளியாளுக்கு எதற்குத் துட்டு என்று பெருமையாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நம்முடையதை மட்டும் அனுப்பியிருக்கலாம். பெட்டியில் கிடந்த பக்கத்துத் தோப்பு ரசலையன் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் சேர்த்து அனுப்பிய புத்திசாலி நான்தான். அந்தப் பத்து சென்டில் ஏழு சென்டை ஒரே ஆள் நம் வீடு, அவர்கள் வீடு இரண்டுக்கும் எழுதிக் கொடுத்திருந்தது என் அப்பா காலத்திலேயே தெரிந்த விஷயம். இரண்டு பத்திரமும் பழைய மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1112. நம்முடையது தை மாதம், அவர்களுடையது ஐப்பசி. அப்போதே எல்லோரும் ஜனவரி காலண்டருக்கு மாறிவிட்டோம் இல்லையா, தை போய்த்தானே ஐப்பசி வரும், அதனால் நமதுதான் முந்தியது, முந்தியதுதான் செல்லும் என்று என் அப்பா சொல்ல, ரசலையனின் அப்பாவும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அறுபது வருஷமாக அந்தத் தேங்காயைத் தின்றோம். நீ ஒரே வரியில், அப்பா, கொல்லம் ஆண்டு ஆவணிலல்லா பிறக்கும், ஐப்பசி முன்னால, தை பின்னால, அந்த ஏழு சென்ட் அவங்களுக்குள்ளது என்று எழுதி அனுப்பிவிட்டாய். ஆவணி ஒன்றாம் தேதி புது வருஷம் என்று தவறாமல் குளித்துக் கோயிலுக்குப் போகிறவன் நான், எனக்கு இது தோன்றவில்லை பார்!

அந்த வெப்ராளத்திலும் ஆத்திரத்திலும்தான் போனில் அப்படிப் பேசினேன். எம்.ஏ.வும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், சித்தி மகள் சிவப்ரியா மாதிரி நர்சிங் படித்திருந்தால் இந்நேரம் குவைத்தில் இருப்பாய், நீ படித்த படிப்பு வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வருமானம் ஏழு சென்ட் நஷ்டம் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நாலு நாள் எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வயலுக்குப் போனால் தோப்பு நினைப்பு, தோப்புக்குப் போனால் உன் ஃபீஸ் நினைப்பு. புரோக்கர் சுதன், அறுபது வருஷமா நம்ம கைவசம் கெடக்கு, இந்த எழுத்த இனி எவன் வாசிக்கப் போறான், மடக்கிப் பெட்டில வையும் என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, பொய் சொல்லவில்லை. அம்மாதான், வாசிக்கத் தெரிஞ்சவ நம்ம வீட்டுலயே இருக்காளே, அவ முகத்துல எப்படி முழிப்பிய என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அஞ்சாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ரசலையனிடம் சொல்லிவிட்டேன். பைக் கழுவிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். எனக்கு ஒண்ணும் அறியாதே அண்ணாச்சி என்றான். மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் மயிலாடியிலிருந்து கல் வந்து இறங்கி எல்லையில் நட்டாயிற்று! இதுவரை தின்ன தேங்காய்க்குக் கணக்குக் கேக்க மாட்டேன் அண்ணாச்சி என்று பெரிய மனசு வேறு. மிச்சம் மூன்று சென்டுக்குள் போய்வர வழி கிடையாது, வாங்க வந்தவரும் போய்விட்டார்.

அப்புறம்தான் பாங்குக்குப் படிப்பு லோன் கேட்டுப் போனேன். அந்த ஃபாரத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன், ஒரு கட்டத்தில் வந்து பேனா நின்றுவிட்டது. படிப்பு முடிந்து எதிர்பார்க்கும் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறான். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் ஆளாளுக்குக் கேட்டு அலைந்தேன். காலேஜில் ஹிஸ்டரி எடுக்கிற ஷைஜாவைக் கேட்டேன். மணிக்கணக்கில் சம்பளம், மாசம் பதினெட்டாயிரம் தேறும் மாமா, லீவு விட்டா அதுவும் இல்ல என்றாள். அவள் உனக்கு மேலே இரண்டு பட்டம் வாங்கியவள். பத்மநாபபுரம் அரண்மனையில் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவரைக் கேட்டேன். சீசன வச்சுக் கணக்குப் போடாதேயும், மழைக்காலத்துல ஆளே வராது என்றார். லோன் ஐந்து லட்சம், வட்டி தனி. பதினெட்டாயிரத்தில் நீ சாப்பிட்டு, வாடகை கொடுத்து, எந்தக் காலத்தில் அடைப்பாய்? எனக்குப் பயமாக இருக்கிறது மக்ளே. நெல்லென்றால் கன்னிப்பூ போகம் பொய்த்தாலும் அடுத்த போகத்தில் பிடித்துவிடலாம், உன் வயசை அப்படிப் பிடிக்க முடியுமா? வேலைக்குப் போ என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை முதலில் எழுதத் தொடங்கினேன், இரண்டு தாள் கிழித்தும் போட்டேன்.

பாங்கில் ஒரு பிள்ளை, நாப்பதாயிரம்னு போட்டுருங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுவாவ என்றது. எழுதப் போனேன், கை வரவில்லை. ஏழு சென்ட் போனால் உன் ஃபீஸ் போகும் என்று தெரிந்தே ஐப்பசி முந்தியது என்று சொன்னவள் நீ. உன் பெயர் போட்ட தாளில் நான் எப்படிப் பொய் எழுத? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீயே எழுது. நர்சிங் அது இது என்று நான் சொன்னதை மனசில் வைத்துக் கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே.

இருபத்தெட்டாம் தேதிக்குள் ரிஜிஸ்டர் தபாலில் இங்கே வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். நீ என்ன எழுதினாலும் சரி, கீழே நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சுயம்புலிங்கம்