எலி தின்ற ஒன்பது வரிகள்

பதுவா, 1321

நவம்பர் 3
அப்பாவுக்குக் கண் இன்னும் மங்கிவிட்டது. கவிஞர் என்று ஊரே கொண்டாடும் மனிதர், வாசலில் தடுக்கி விழுகிறார். மடத்திலிருந்து அவர் கொண்டுவந்த, பாதியோடு நிற்கும் பழைய ரோமாபுரிக் கவிதையை நான்தான் படி எடுக்கிறேன். நடுவில் ஒன்பது வரிகளை எலி தின்றிருந்தது. ஓட்டையைப் பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. விளையாட்டாக நானே இலத்தீனில் நிரப்பினேன். இவை என் வரிகள் என்று ஓரத்தில் குறி போடுவதற்குள் அடுப்பில் கஷ்கொட்டை கருகியது, ஓடினேன்.

நவம்பர் 11
மார்ட்டின் திருநாள் விருந்து. பத்திர எழுத்தர் ஆல்பரிகோ நான் எடுத்த படியை உரக்க வாசித்தார். என் வரிகள் வந்தன. ஐயோ, குறி போடவே இல்லையே!
ஆல்பரிகோ மேசையில் அடித்தார். "அடேயப்பா! இப்போ உசிரோட இருக்கிற எவனால இப்படி எழுத முடியும்?"
அப்பா அழுதார். என் அப்பா! நான் வாத்துக்கறித் தட்டோடு அப்படியே நின்றேன்.

நவம்பர் 12
என் பங்கு வாத்துக்கறியைப் பூனைக்குப் போட்டேன்.

நவம்பர் 20
இந்தக் கவிதையைக் கண்டெடுத்ததற்காகக் கிறிஸ்துமஸ் அன்று அப்பாவுக்குப் பெருங்கவிஞர்களுக்கு உரிய இலைமுடி சூட்டப்போகிறார்களாம். யாராவது எலி தின்ற மூல ஏட்டைக் கேட்டால்? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

நவம்பர் 21
அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.
"நீயா? போடி, கையெழுத்துதான் உன்னுது" என்று சிரித்தார். பத்தாவதாக ஒரு வரி கட்டிச் சொன்னேன். விரலால் மேசையில் தட்டி அசை எண்ணினார். மறுபடி எண்ணினார். சிரிப்பு போய்விட்டது.
"யார் சொல்லிக் குடுத்தா?"
"நீங்கதான். அண்ணனுக்குப் பாடம் எடுத்தப்போ பக்கத்து அறையில தைச்சிட்டிருந்தேன்."
எழுந்து போனார்.

நவம்பர் 22
சமையலறையில் தோல் எரிந்த நாற்றம். தோலாலான அந்த மூல ஏட்டை எரித்திருக்கிறார்! பழைய ஏடு எதையும் முத்தமிட்டுத்தான் திறப்பார். அவரா?

டிசம்பர் 25
சூட்டினார்கள். அந்த ஒன்பது வரிகளைக் கூட்டமே சேர்ந்து சொன்னது. அப்பா முகத்தைத் திருப்பித் திருப்பி யாரையோ தேடினார். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஜனவரி 8
கவிதையின் மீதியைத் தேடி வரும்படி நகர சபையார் அப்பாவை மடத்துக்கு அனுப்புகிறார்கள். கோவேறு கழுதையில் ஏறுமுன், யாரையும் தொடவிடாத நல்ல எழுதுதோல் கட்டு முழுவதையும் என் மேசையில் வைத்தார்.
"போய் வர பதினைஞ்சு நாள் ஆகும். போதுமா ஜிலியோலா?"
தோல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.
"இருபதாக்கிக்கோங்கப்பா" என்றேன்.